ஸ்கூல் சைட் மட்டும்

“ஸ்கூல் சைட் மட்டும் திறக்கணும். மத்ததெல்லாம் அடைச்சிடுங்க. போன்ல சிம்மும் கிடையாது, வைஃபைதான்,” என்றார் மூன்றாம் வகுப்புப் பிள்ளையின் அப்பா.

நெட் கனெக்‌ஷன்காரர் பள்ளியின் டொமைன் பெயரை மட்டும் அனுமதிப் பட்டியலில் சேர்த்தார். “நல்ல காரியம் சார். போனைக் குடுத்துக் குடுத்துதான் குட்டிச்சுவராப் போகுதுங்க.”

“அதான். கொஞ்சம் விட்டா தலைமேல ஏறிடும்.”

மறுநாள் வகுப்பு டீச்சர் பள்ளித் தளத்தைத் திறந்தபோது அந்த வீட்டிலிருந்து ஒரு குறிப்பு வந்திருந்தது.

“வீட்டுப்பாடம் முடிஞ்சுது டீச்சர். என் போன்ல உங்க ஸ்கூல் சைட் மட்டும்தான் திறக்குது. வாசப்படி தாண்ட விடமாட்டேங்கிறார். நான் உயிரோட இருக்கேன்னு எங்கம்மாகிட்ட மட்டும் சொல்லிடுங்க. நம்பர் கீழே இருக்கு. இப்படிக்கு, உங்க மாணவியோட அம்மா.”

அதற்கும் கீழே, எல்லாக் குறிப்புகளுக்கும் போடுவதைப்போல, தளம் தானாகவே ஒரு வரி சேர்த்திருந்தது:

“நகல் தந்தையின் எண்ணுக்கு அனுப்பப்பட்டது.”