கண்ணாடி அறைக்கு வாஸ்து

“பட்டப்பகல்ல லைட்டா? யார் ரூம் அது?”

ஷோபா வாட்ச்மேனிடம் சீறினாள். திருப்பதியில் அவள் வடிவமைத்த முதல் பசுமைக் கட்டடம். மாம்பழக்கூழ் கம்பெனி ஒன்றின் புது ஆபீஸ். பகலில் லைட்டே வேண்டாம் என்று எல்லா அறைக்கும் கண்ணாடிச் சுவர் வைத்திருந்தாள். மின்சாரம் மிச்சமாகிறதா என்று பார்த்துப் பசுமைச் சான்றிதழ் தரும் குழு நாளைக்கு வருகிறது. இங்கே பார்த்தால், ஒரு அறையின் கண்ணாடி முழுக்க மாம்பழ அட்டைப்பெட்டிகளைப் பிரித்து ஒட்டி, உள்ளே லைட் எரிகிறது!

“மேனேஜர் உமாபதி சார் ரூம் மேடம்” என்றார் வாட்ச்மேன்.

அந்த உமாபதியோ மாடிப்படிக்கு அடியில், லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு வியர்த்து வழிந்துகொண்டிருந்தார். ஆள் இங்கே, லைட் அங்கே?

“என்ன சார் அது, அட்டை?”

“வாஸ்து மேடம். வாஸ்து பாக்குற சித்தாந்தி சொல்லிட்டாரு. மத்தியானத்துல அந்த ரூமுக்குள்ள வெளிச்சம் வரக்கூடாதாம். நானும் உக்காரக்கூடாதாம்.”

“அப்ப லைட் எதுக்கு எரியுது?”

உமாபதி திருதிருவென்று விழித்தார். “அதுவும்... வாஸ்துதான் மேடம்.”

படித்த மனுஷன் பேசுகிற பேச்சா இது!

“இந்தக் கூத்தைப் பார்த்தா சான்றிதழ் குடுப்பாங்களா? என் உழைப்பெல்லாம் வீணாப் போகணுமா?” விறுவிறுவென்று போய் அட்டையின் ஓரத்தைப் பிடித்து இழுத்தாள்.

“ஐயோ, கிழிக்காதீங்க மேடம்! உள்ள ஆள் இருக்குது!” பின்னாலேயே ஓடி வந்த உமாபதி, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார்.

கதவு திறந்தது. அக்கவுண்ட்ஸ் ரேகா. பிரசவ லீவு முடிந்து போன வாரம்தான் வேலைக்குத் திரும்பியவள். கையில் பால் பாட்டில், ஒரு சின்ன ஐஸ் பெட்டி. தலையைக் குனிந்தபடி நழுவிப் போய்விட்டாள்.

“பாவம் மேடம் அது. கொழந்தைக்குப் பால் எடுக்க பாத்ரூம்ல போய் நின்னுக்கினு இருந்துச்சு. இந்த பில்டிங்ல மறைவா வேற எடம் ஏது? எம்.டி.கிட்ட நெசத்தைச் சொன்னா, வூட்லயே இருக்கச் சொல்லுன்னு அனுப்பிடுவாரு. வாஸ்துன்னா மட்டும் வாயே தொறக்க மாட்டாரு.”

சைக்கிள் நிறுத்தக்கூட இடம் யோசித்து வரைந்தவள் ஷோபா. வெட்கமாக இருந்தது. டேப் வாங்கிவரச் சொல்லி, கிழிந்த ஓரத்தைத் தன் கையாலேயே ஒட்டினாள்.

மறுநாள் சான்றிதழ் குழுத் தலைவர் அந்த அறை முன்னால் நின்று நெற்றியைச் சுருக்கினார். பக்கத்திலேயே எம்.டி.

“என்னம்மா இது, மாம்பழ அட்டை?”

“வாஸ்து சார்” என்றாள் ஷோபா.