சிங்கப்பூரில் அறுபது

அல்லிநகரத்தில் எந்தத் தெருமுனையில் திரும்பினாலும் பேச்சிமுத்து நின்றார். கோட்டு, சூட்டு, கறுப்புக் கண்ணாடி, பின்னால் வாயிலிருந்து தண்ணீர் கொட்டும் சிங்கம். 'சிங்கப்பூரில் அறுபது காணும் எங்கள் அண்ணனை வாழ்த்தி வணங்குகிறோம்' என்றது ஃப்ளெக்ஸ். அதை அடித்துக் கட்டியதும் அண்ணனேதான்.

"அறுபதுக்குத் திருக்கடையூர் எல்லாரும்தான் போறாக" என்று சொல்லிச் சொல்லியே தேங்காய் மண்டிக்காரர்களின் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவர். விசா தாமதமாகிறது என்று கடைசிவரை நகம் கடித்தார். பிறகு ஒரு விடிகாலையில் மனைவி சங்கிலியம்மாளோடு காரில் ஏறிவிட்டார்.

"ஏலே ஸ்டான்லி, வீட்டை ஒன்னைய நம்பித்தான் விட்டுட்டுப் போறேன்" என்று சொல்லிவிட்டுப் போனார். பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பாத்திரக் கடை ஸ்டான்லி அந்த ஒரு வார்த்தையில் குளிர்ந்துபோனான்.

அன்றிலிருந்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் தினமும் சிங்கப்பூர் படங்கள். ஒன்றிலும் அண்ணனைக் காணோம். படமெடுப்பதே அவர்தானே என்று ஸ்டான்லி நினைத்துக்கொண்டான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச்சிலிருந்து திரும்பியதும் அவன் மனைவி ஜான்சி மூக்கை உறிஞ்சினாள்.

"ஏங்க, அண்ணன் வீட்டுலருந்து கருவாட்டுக் குழம்பு மணக்குது."

"அவுகதான் ஊருலேயே இல்லையே!"

சொல்லி வாய் மூடவில்லை, அந்த வீட்டுக்குள் குக்கர் விசிலடித்தது. ஸ்டான்லி கடையில் வாங்கிய குக்கர். பாதியில் விக்கி, அப்புறம்தான் கத்தும். மாற்றித் தருகிறேன் என்று அவன் சொல்லி வருஷமாகிறது. தெருவுக்கே தெரிந்த விசில்.

ஸ்டான்லி வாசலுக்கு ஓடிப் பார்த்தான். முன்கதவில் பூட்டு தொங்கியது. பின்னால் தென்னந்தோப்பு வழியாகத்தான் திருடன் புகுந்திருக்க வேண்டும். வந்தவன் ஆற அமரச் சமைத்துச் சாப்பிடுகிறான்! அண்ணன் வந்து கேட்டால் எந்த முகத்தோடு பதில் சொல்வது?

கட்டையும் விளக்குமாறுமாகத் தெருவே கூடிவிட்டது. எதிர்வீட்டுப் பால்பாண்டி கடப்பாரையே கொண்டுவந்துவிட்டான்.

"உடைச்சிருவமா?"

"அவுகள ஒரு வார்த்தை கேட்டுக்குவோம்." ஸ்டான்லி வாட்ஸ்அப்பில் அழைத்து, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரில் போட்டான்.

வெகுநேரம் கழித்துப் பேச்சிமுத்து எடுத்தார். "என்னப்பா?"

"அண்ணே, ஒங்க வீட்டுக்குள்ள திருடன்! சுத்தி வளைச்சுட்டோம். ஏண்ணே குசுகுசுன்னு பேசுறீக?"

"இங்கன சத்தமாப் பேசினா ஃபைன் போட்ருவாய்ங்கப்பா."

"கதவ உடைக்கவா? இல்ல, போலீசக் கூப்பிடவா?"

"ஐயையோ, ரெண்டும் வேணாம்!"

பால்பாண்டி ஜான்சியிடம் கிசுகிசுத்தான். "போலீசுன்னதும் பதறுறாகளே, பீரோவுல என்னத்த வச்சிருக்காகளோ!"

"பாவம்ப்பா, பசிக்கு வந்திருப்பான்" என்றார் பேச்சிமுத்து. "தின்னுட்டுப் போகட்டும். எல்லாரும் வீட்டுக்குப் போங்க, ஒங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கட்டைகள் இறங்கின. ஜான்சி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். இப்பேர்ப்பட்ட மனுஷனையா ஃப்ளெக்ஸ் பைத்தியம் என்று கேலி பேசினோம் என்று ஸ்டான்லிக்கு வெட்கமாக இருந்தது.

"நீங்க நூறு வருஷம் நல்லா இருக்கணும்ணே" என்றான்.

அப்போது வீட்டுக்குள் குக்கர் மறுபடி விக்கி விசிலடித்தது. ஸ்டான்லியின் கையிலிருந்த சிங்கப்பூரிலும் அதே விக்கலோடு அடித்தது.