ஊசி சைவம்தானே

ஆறடி வேல் கோகுல்நாத்தின் இடது கன்னத்தில் ஏறி வலது கன்னத்தில் வெளியே வந்தது. பூசாரி அதன் முனையில் எலுமிச்சம்பழம் குத்துவதற்குள் ரத்தமும் வந்தது.

முதலில் ஒரு சொட்டுதான். பூசாரி விபூதியை அப்பினார். விபூதி சிவப்பாகக் கரைந்து தாடையில் வழிந்தது. இன்னொரு பிடி அப்பினார். அதுவும் போயிற்று.

பம்பைக்காரர்கள் அடியைத் தளர்த்தினார்கள்.

அம்பத்தூரில் இந்தத் தெருவுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. ஆடித் திருவிழாவில் அலகு குத்தினால் அம்மன் ரத்தத்தை வெளியே விடமாட்டாள். வந்தால் விரதத்தில் எங்கோ ஓட்டை. கல்யாணமான ஆணின் விரதத்தில் ஓட்டை எங்கே விழும் என்று தெருவுக்குச் சொல்லித் தரவா வேண்டும்! அத்தனை கண்ணும் அவன் மனைவி தீபிகாவின் மேல் போய் நின்றன.

அவன் அம்மா பஞ்சவர்ணம் மருமகளின் முழங்கையைப் பிடித்தாள். குரலைக்கூடத் தாழ்த்தவில்லை.

"இன்னாடி, நைட்டு பாயைத் தள்ளித்தானே போட்டுகினு படுத்தே?"

தீபிகாவின் தலை கவிழ்ந்தது. பாவம், காப்பு கட்டிய நாளிலிருந்து அவள் சமையலறையில்தான் படுக்கிறாள்.

கோகுல்நாத்துக்கு அவமானத்தில் காது சுட்டது. ஓட்டை எங்கே என்று அவனுக்குத்தான் தெரியுமே.

போன வருஷம் காலில் ரத்தம் உறைந்து பிழைத்தவன் அவன். இந்த வேலே அதற்கான வேண்டுதல்தான். மறுபடி உறையாமல் இருக்க, ரத்தத்தை இளக்கும் மாத்திரை ஒன்று தினமும் இரவில். நேற்றும் தீபிகா சமையலறையிலிருந்து கையை மட்டும் நீட்டிக் கொடுத்தாள். என்னைக் கேட்காமல் வேறு எந்த மருந்தையும் தொடாதே என்று டாக்டர் படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். அலகு விஷயத்தை அவரிடம் யார் சொன்னது? சாமி காரியம், டாக்டருக்கு எதற்கு?

அந்த மாத்திரை ஒன்றுக்கே வேல் ஆகாது. இவன் அதற்கு மேல் ஊசியும் போட்டுக்கொண்டிருந்தான். உடம்பை ஏற்றுகிற ஸ்டீராய்டு ஊசி; மாத்திரையின் வேகத்தையும் சேர்த்து ஏற்றிவிடும். ஜிம் மாஸ்டர் ஜாக்சன் போட்டுவிடுவார்.

மாத்திரை ஜாக்சனுக்குத் தெரியாது. தெரிந்தால் ஊசி போடமாட்டார். ஊசி தீபிகாவுக்குத் தெரியாது. தெரிந்தால் வீட்டுக்குள்ளேயே விடமாட்டாள்.

பல் துலக்கும்போது ஈறில் ரத்தம் கசிந்தது. பிரஷ்ஷை மாற்றினான். தொடையில் நீலம் நீலமாகக் கன்றிப்போனது. சதை வளர்கிறது என்று சந்தோஷப்பட்டான், மடையன்.

விரதத்துக்காக மீனை விட்டான், முட்டையை விட்டான், கட்டிலை விட்டான், செருப்பைக்கூட விட்டான். ஊசியை மட்டும் விடவில்லை. ஊசி சைவம்தானே!

இப்போது ரத்தம் உள்பக்கமாகவும் தொண்டைக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. மாத்திரை, ஊசி இரண்டையும் அறிந்த வாய் உலகத்திலேயே ஒன்றுதான். அதைத்தான் வேல் பூட்டி வைத்திருந்தது. கோயில் வாசல் போகாமல் யாரும் அதை உருவமாட்டார்கள். கோயிலோ ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம்.

எப்படியாவது சொல்லியாக வேண்டும். தன் உயிருக்காக. அவள் மானத்துக்காகவும்.

இடது கையை மடக்கி, வலது கட்டைவிரலால் புஜத்தில் ஊசி ஏற்றுவதுபோல் அழுத்திக் காட்டினான்.

மடக்கியதில் புஜம் திரண்டு எழும்பியது.

விசில் பறந்தது. செல்போன்கள் உயர்ந்தன.

"ரத்தம் சொட்டச் சொட்ட ஆர்ம்ஸ் காட்டுறான் பாரு மாமே!"

ஐயோ, இல்லை என்று மறுபடி அழுத்திக் காட்டினான். பம்பை வேகமெடுத்தது.

கூட்டத்தில் ஜாக்சனுக்கு மட்டும் புரிந்தது. ஊருக்கு முன்னால் காட்டிக்கொடுக்கிறானே பாவி என்று நினைத்திருப்பார். செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டு நழுவிவிட்டார்.

விசில் சத்தத்துக்குத் தீபிகா தலை நிமிர்ந்தாள். தன் மானம் தெருவில் கிடக்கிற நேரத்தில் புருஷன் புஜத்தைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். 'சீ' என்று அவள் உதடு சுழித்தது. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள்.

அவள் கோபம் அவனுக்குத் தெரியும். பேசமாட்டாள். சோறு போடமாட்டாள். ஆனால் ராத்திரி மாத்திரையை மட்டும் மறக்காமல் எடுத்து வைத்துவிடுவாள்.