மடங்காத பெயர்

"என் பேரை எதுக்கும்மா மடிச்சு வெச்சிருக்கே?"

பங்கு மண்டபத்தில் ராஜநாயகம் போனை நீட்டிய வேகத்தில் ஃபாதரின் டீ தளும்பியது.

ஜொவிட்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராஜா அண்ணாமலைபுரத்தின் அந்தச் சின்னக் கோயிலுக்கு ஒரு ஆப் வேண்டுமென்று, ஐ.டி. வேலைக்கு நடுவே லீவு நாளையெல்லாம் தொலைத்து, எந்தக் கைம்மாறும் எதிர்பார்க்காமல் செய்து கொடுத்தவள் அவள். உபயதாரர்கள் பகுதி உச்சியில் இருக்க வேண்டும் என்று உத்தரவு. உச்சியில்தான் வைத்தாள். ஆனால் மூடி வைத்தாள். பக்கத்தில் குட்டியாக ஒரு அம்புக்குறி. தட்டினால் பேர்கள் விரியும், மறுபடி தட்டினால் மடங்கும்.

"தட்டினா வருது அங்கிள்."

"யார் தட்டுவா?"

நியாயமான கேள்விதான். யாரும் தட்ட மாட்டார்கள் என்றுதானே அவள் மூடியதே.

ராஜநாயகம் லேசுப்பட்ட ஆள் இல்லை. கோயில் ட்யூப்லைட்டில் அவர் பேர் போக மிச்சமிருக்கும் இடத்தில்தான் வெளிச்சம் வரும். ஃபேனின் மூன்று இறக்கையிலும் எழுதி வைத்தும், சுற்றும்போது படிக்க முடியவில்லையே என்பது அவருக்குத் தீராத மனக்குறை.

கொடுக்கிறவர் மனசு கோணக் கூடாது என்று ஃபாதர் பட்டும் படாமலும் சொல்ல, ஜொவிட்டா பல்லைக் கடித்துக்கொண்டு அந்தப் பகுதி எப்போதும் திறந்தே இருக்கும்படி மாற்றினாள். மாற்றிவிட்டுச் சும்மா இருந்தாளா? மூலையில் உட்கார்ந்திருந்த அல்போன்சா டீச்சரிடம் போனைக் கொடுத்தாள்.

டீச்சருக்கு முட்டி தேய்ந்து, ஒரு வருஷமாக ஞாயிற்றுக்கிழமை பூசையே இல்லை. ஆப்பில் கூப்பிட்டால் கோயில் பிள்ளைகள் காரோடு வந்து ஏற்றிக்கொள்வார்கள் என்று ஏற்பாடு. அதைக் கற்றுக்கொள்ளத்தான் பாவம், ஆட்டோ பிடித்து வந்திருந்தார்.

"கார் கூப்பிடுற இடத்தை நீங்களே கண்டுபிடிங்க டீச்சர்."

டீச்சர் திரையைத் தள்ளினார், தள்ளினார், தள்ளிக்கொண்டே இருந்தார். ராஜநாயகம், அவர் மனைவி, மகன், மருமகள், அமெரிக்காவில் பிறந்து இன்னும் ஞானஸ்நானம்கூட ஆகாத பேரன்.

"என்னம்மா இது, கல்லறைத் தோட்டத்துல நடக்குற மாதிரி பேரா வருது. பூசைக்குப் போறதுக்குள்ள நானே அங்க போயிடுவேன் போல."

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். ராஜநாயகத்தின் முகம் சுண்டிப்போனது.

ஜொவிட்டா விடவில்லை. கோயிலுக்குச் செய்வதை ஊருக்கு எதற்குக் காட்ட வேண்டும், செய்தோமா வந்தோமா என்று இருக்கக் கூடாதா என்று ஒரு பிரசங்கமே வைத்துவிட்டாள். ஃபாதர்கூட அவ்வளவு நீளமாக வைத்ததில்லை.

ராஜநாயகம் டீச்சர் கையிலிருந்த போனை ஒருமுறை எட்டிப் பார்த்தார்.

"மடிக்க வேணாம்மா, எடுத்தே விட்டுடு," என்றார் பிறகு. "டீச்சர் பூசைக்கு வரட்டும்."

ஜொவிட்டாவுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. லேப்டாப்பில் அந்தப் பகுதியையே நீக்கிவிட்டு, "இப்பப் பாருங்க டீச்சர்," என்றாள் பெருமையாக.

முதல் பக்கத்திலேயே பூசை நேரம் இருந்தது. அதற்குக் கீழே, கார் கூப்பிடும் பட்டன். டீச்சர் சந்தோஷமாகத் தட்டினார். மறுபடி தட்டினார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு தட்டினார்.

"பட்டன் பாதிதாம்மா தெரியுது. அடியில ஒரு பட்டை வந்து மறைக்குது. 'உருவாக்கம்: ஜொவிட்டா, எம்.டெக்.'னு போட்டிருக்கு. எந்தப் பக்கம் போனாலும் கூடவே வருது. இதை மடிக்க எங்கம்மா தட்டணும்?"

மண்டபமே ஜொவிட்டாவைத் திரும்பிப் பார்த்தது. ராஜநாயகம் மட்டும் மரியாதையாக ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது... மடங்காது டீச்சர்."