கழற்றி வைத்த வால்வு

“அந்தோணிராஜைத் தவிர நம்ம தோட்டத்துப் பக்கம் வேற யாரு வந்தாங்க? நீங்களே சொல்லுங்க.”

பாக்கியலட்சுமி உப்புச் சாடியை மூடிவிட்டு, முறுக்கு மாவு ஒட்டிய கையோடு சமையலறையிலிருந்து வெளியே வந்தாள்.

அவள் கணவர் ராஜாங்கம் துணி துவைக்கிற கல்லைச் சுற்றிச் சுற்றித் தேடிக்கொண்டிருந்தார். காணாமல் போனது கேஸ் கீசரின் பித்தளை வால்வு. முந்தின நாள் மெக்கானிக் அந்தோணிராஜ் அதைக் கழற்றி, சுத்தம் செய்து, கிரீஸ் தடவி, கல்லின் மேல் பேப்பர் விரித்து வைத்துவிட்டுப் போனான். மரக்காணத்தில் கிடைக்காத ரப்பர் வாஷர் வாங்கப் புதுச்சேரிக்குப் போயிருந்தான்.

விடிந்தால் தலை தீபாவளி. மகள் அருள்மொழியும் மாப்பிள்ளையும் சாயங்கால பஸ்ஸில் வந்து இறங்குகிறார்கள். எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காருகிற மாப்பிள்ளைக்கு வெந்நீர் இல்லையென்றால், சம்பந்தி வீட்டில் அடுத்த தீபாவளி வரைக்கும் அதையே பேசுவார்கள்.

“அப்பவே சொன்னேன், புதுசு வாங்குங்கன்னு. உப்புக் காத்துல தகரம் பூரா துருப்பிடிச்சுப் போச்சு. சம்பந்தி வீட்டு கீசரைப் பாத்தீங்கல்ல? நம்பரெல்லாம் எரியுது அதுல.”

“மேல துருப்பிடிச்சா என்ன? உள்ள நல்லாத்தான் இருக்குது, வாஷர் மாத்தினாப் போதும்னு அந்தோணி சொன்னான்ல? ஓடற சாமானை எதுக்குத் தூக்கிப் போடணும்?”

ஒரு வாரமாக வீட்டில் இதே வழக்குதான். ராஜாங்கம் உப்பளத்துக்குச் சொந்தக்காரர். வசதிக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் ஒரு சாமான் தானாக உயிரை விடும்வரை அவர் அதை விடமாட்டார்.

“அவன் சொன்னான், அவன் சொன்னான். இப்ப வால்வு எங்க? சுனாமியில படகு போனதுலேர்ந்து பாவம், அவன் கஷ்டம் அவனுக்கு. பித்தளையைப் பாத்ததும் மனசு கெட்டிருக்கும்.”

‘பாவம்’ என்று அவள் சேர்த்துச் சொன்னதாலேயே ராஜாங்கத்துக்கு அது உண்மையாகப் பட்டது.

வாசலில் மொபெட் சத்தம். அந்தோணிராஜ் சிரித்த முகத்தோடு வந்தான்.

“வாஷர் கெடச்சிடுச்சுண்ணே. மாப்பிள்ளை வர்றதுக்குள்ள சுடுதண்ணி ரெடி.”

“வால்வு எங்கப்பா?”

“இந்தக் கல்லு மேலதாண்ணே வெச்சேன்.”

“வெச்சது எங்க போச்சு? கால் மொளச்சு நடந்து போச்சா?”

அந்தோணிராஜின் சிரிப்பு போய்விட்டது. கல்லுக்கு அடியில் பார்த்தான், வாழை மரத்தடியில் பார்த்தான், குப்பைக் கூடையைக்கூடக் கிளறினான்.

“மாதா மேல சத்தியமாண்ணே. நான் எடுக்கல.”

“பையைக் கொட்டு.”

கொட்டினான். ஸ்பேனரும் ஸ்குரூ டிரைவரும் சிமென்ட் தரையில் உருண்டன. சத்தம் கேட்டுப் பக்கத்து வீட்டு ராசம்மாள் வேலிக்கு மேலே எட்டிப் பார்த்தாள். போதும், அவன் தன் ஊரான எக்கியார்குப்பம் போய்ச் சேருவதற்குள் சேதி போய்ச் சேர்ந்துவிடும். வீடு வீடாகப் போய்ப் பிழைக்கிறவனுக்குத் திருடன் என்ற பேர் ஒட்டிக்கொண்டால், அப்புறம் எந்த வீட்டில் உள்ளே விடுவார்கள்?

ராஜாங்கத்துக்குக் கோபம் தலைக்கேறியது.

“முதல்ல ஸ்டேஷன், அப்புறம் கடை. பாக்கியம், நீ சொன்ன மாதிரி புதுசே வாங்கிட்டு வந்துடறேன்.”

“ஸ்டேஷனா?” பாக்கியலட்சுமி பதறினாள். “நல்ல நாளும் அதுவுமா அதெல்லாம் எதுக்குங்க? புதுசு வாங்கினாப் போதும். அவனை விட்டுடுங்க.”

“உன்னை மாதிரி எளகின மனசு எனக்குக் கிடையாது.” அவர் வண்டிச் சாவியை எடுக்க உள்ளே போனார்.

“வண்டிப் பெட்டியையும் ஒரு தடவை பாத்துடறேண்ணே,” என்று அந்தோணிராஜ் வாசலுக்கு ஓடினான்.

சாவி அகப்படக் கொஞ்ச நேரம் பிடித்தது. ராஜாங்கம் திரும்பி வந்தபோது அந்தோணிராஜ் கல்லருகே நின்றுகொண்டிருந்தான். கையில் வால்வு.

“எங்க இருந்துச்சு?”

அவன் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு சட்டை நுனியால் அழுத்தித் துடைத்தான்.

“வண்டிப் பெட்டியிலதாண்ணே. நேத்து மறதியா உள்ள போட்டிருக்கேன். தப்பு எம்மேலதான்.”

“இப்பத்தானடா மாதா மேல சத்தியம் பண்ணின?”

அந்தோணிராஜ் குனிந்து தரையில் கிடந்த ஸ்பேனரை எடுத்தான்.

“தீபாவளியாச்சேன்னு விடறேன். மாட்டிட்டுக் கெளம்பு. இனிமே உன்னை வேலைக்குக் கூப்பிடறதா வேணாமான்னு யோசிக்கணும்.”

வேலை முடியவும் பஸ் வரவும் சரியாக இருந்தது. அருள்மொழி செருப்பைக்கூடக் கழற்றாமல் பின்பக்கம் ஓடிவந்து குழாயடியில் கையை நீட்டினாள்.

“அம்மா, கை வெக்க முடியல. இவ்வளவு சூடு.”

மாப்பிள்ளையும் வந்து கை நீட்டிச் சிரித்தார். ராஜாங்கத்துக்குப் பெருமை பிடிபடவில்லை. “பாத்தியா பாக்கியம்? இதைப் போய்த் தூக்கிப் போடச் சொன்னியே.” ஒரு சரவெடியை எடுத்துக்கொண்டு மாப்பிள்ளையோடு தெருவுக்குப் போனார்.

அந்தோணிராஜ் பையை மாட்டிக்கொண்டு புறப்பட்டான். பாக்கியலட்சுமி அவனிடம் ஒரு தட்டு முறுக்கை நீட்டினாள். அவன் முகத்தை அவள் பார்க்கவில்லை.

அவன் தட்டைத் தொடவில்லை. தெருப்பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்திக்கொண்டான்.

“அக்கா, நீங்க திரும்பக் கொண்டாந்து வெச்ச வால்வுல கல்லுப்பு அப்பியிருந்துச்சு. அண்ணன் பாக்கறதுக்குள்ள தொடச்சுட்டேன். நான் போட்ட கிரீஸ் சாடியில ஒட்டியிருக்கும், நாளைக்கு விருந்துக்கு வேற உப்பு எடுத்துக்குங்க. மாப்பிள்ளை வயித்துக்கு ஆகாது.”