ஒத்திகையில் தோற்றவர்

“உங்க மனைவியோட பல் பிரஷ் என்ன கலர்?”

அவர் திரும்பி, பக்கத்து நாற்காலியில் இருந்தவளைப் பார்த்தார். வக்கீலம்மா பேனாவால் மேசையைத் தட்டினார்.

“அங்கே என்ன பார்வை? நாளன்னிக்கு ரெண்டு பேரையும் தனித்தனி ரூம்ல உட்கார வெச்சுக் கேப்பாங்க. அப்போ சுவத்தைப் பார்ப்பீங்களா?”

“நீலம்,” என்றார் அவர்.

“மஞ்சள்,” என்றாள் அவள், அவர் பக்கம் திரும்பாமல்.

வக்கீலம்மா தாளில் ஒரு பெருக்கல் குறி போட்டார். அது ஏழாவது.

அவர் கிடங்கில் பெட்டி அடுக்குபவர். அவளுக்கு ஆஸ்பத்திரியில் ரத்தம் பரிசோதிக்கும் வேலை. அவளுடைய விசாவில் தொற்றிக்கொண்டுதான் அவர் இந்த நாட்டில் இருந்தார். இவர்கள் உண்மையிலேயே தம்பதிதானா என்று குடியேற்ற அலுவலகத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. விசாரணையில் தேறாவிட்டால் முப்பது நாளில் அவர் கிளம்ப வேண்டும். பொய்க் கல்யாணத்துக்குத் துணைபோனவள் என்று அவளுக்கும் வேலை போய்விடும்.

“கீழ் வீட்டுக்காரர் எழுதிக் குடுத்திருக்கார். ரெண்டு பேரையும் ஒண்ணாப் பார்த்ததே இல்லையாம்.”

“ஷிஃப்ட் வேற வேற மேடம்,” என்றார் அவர்.

“என்கிட்ட வர்ற எல்லா ஜோடியும் அதைத்தான் சொல்லுது.” வக்கீலம்மா கோப்பைப் புரட்டினார். திருமணச் சான்றிதழ், புகைப்படம், வாடகை ஒப்பந்தம். “பேப்பரெல்லாம் கச்சிதமா இருக்கு. யாரு செஞ்சு குடுத்தாங்கன்னு நான் கேக்கல. இந்தக் கேள்வியை நீங்களே படிங்க.”

அவர் தாளை வாங்கிக்கொண்டு சட்டைப் பையைத் தடவினார். அவள் தன் கைப்பையிலிருந்து ஒரு மூக்குக்கண்ணாடியை எடுத்து மேசைமேல் தள்ளினாள். வக்கீலம்மா அடுத்த பக்கத்தைத் தேடிக்கொண்டிருந்தார்.

“மனைவியின் வேலை என்ன?” அவர் படித்தார். “ஆஸ்பத்திரியில.”

“ஆஸ்பத்திரியில என்ன?”

“ஆஸ்பத்திரி வேலைதான்.”

எட்டாவது பெருக்கல் குறி விழுந்தது.

“இப்போ நீங்கம்மா. சாருக்குக் காலையில என்ன வேணும்?”

“டீ. ரெண்டரை ஸ்பூன் சர்க்கரை. ஆறிப்போனா குடிக்க மாட்டார். சூடு பண்ணிக் குடுத்தாலும் குடிக்க மாட்டார். புதுசா போடணும்.”

“தூக்கத்துல?”

“குறட்டை. வலது பக்கம் திரும்பினா நிக்கும். திரும்ப மாட்டார்.”

“ஏதாவது அலர்ஜி?”

“வீட்டு வேலை.”

வக்கீலம்மா முதல்முறையாகச் சிரித்தார். “பிரமாதம். ஒரு எழுத்து பிசகாம மனப்பாடம் பண்ணியிருக்கீங்க. பார்த்துக் கத்துக்குங்க சார்.”

அவருக்கு முகம் சுருங்கியது. “பிரஷ், குறட்டை, இதெல்லாம் ஒரு கேள்வியா? வேற வேலை இல்ல இவங்களுக்கு?”

“உங்களைத் திருப்பி அனுப்புறதுதான் அவங்க வேலை. இவங்க செருப்பு சைஸ் என்ன?”

“சின்னதுதான்.”

“லீவு நாள்ல என்ன பண்ணுவாங்க?”

“என்ன பண்ணுவா... சும்மாதான் இருப்பா.”

“சும்மா,” என்று அவளும் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

“பிடிச்ச சாப்பாடு?”

“அதுல ஒரு தொந்தரவும் இல்ல மேடம். எது மிச்சம் இருந்தாலும் சாப்பிடுவா.”

வக்கீலம்மா பேனாவைக் கீழே வைத்தார். குறி போட இனிமேல் தாளில் இடம் இல்லை.

“சரி, கண்ணைத் திறந்து பார்த்தாலே சொல்லக்கூடிய ஒரு கேள்வி. இவங்க கையில ஏன் கட்டு போட்டிருக்கு?”

அவர் அப்போதுதான் பார்த்தார். அவளுடைய இடது மணிக்கட்டில் துணி சுற்றியிருந்தது. நாலைந்து நாள் பழசாகி, ஓரமெல்லாம் அழுக்கேறியிருந்தது.

“அட, இது எப்போ?” என்றார்.

வக்கீலம்மா கோப்பை மூடினார்.

“போதும். முந்தாநாள் இதே நாற்காலியில ஒரு ஜோடி உட்கார்ந்திருந்தது. கல்யாணமாகி மூணே மாசம். அந்தப் பையன் அவளோட ஒண்ணாங்கிளாஸ் டீச்சர் பேரைக்கூடச் சொன்னான். நாடகம் போடுறவங்க வசனமாவது படிச்சிட்டு வரணும். உங்களை நம்பி நான் அதிகாரி முன்னாடி உட்கார்ந்தா என் உரிமமும் போயிடும். வேற வக்கீலைப் பாருங்க.”

“அப்படிச் சொல்லிடாதீங்க மேடம்!” அவர் பாதி எழுந்தார். “ஏய், நீயாவது சொல்லேன்.”

அவள் கைப்பையின் ஜிப்பை இழுத்து மூடினாள். வக்கீலம்மா அவள் பக்கம் நாற்காலியைத் திருப்பினார். குரல் இறங்கியது.

“இங்க பாரும்மா. படிச்ச பொண்ணு, கையில நல்ல வேலை இருக்கு. யாரோ ஒரு ஏஜென்ட் உன்னை நல்லா ஏமாத்தியிருக்கான். அந்த ஏஜென்ட் மேல நாமளே முதல்ல புகார் குடுத்துட்டா உன் வேலையையாவது காப்பாத்தலாம். பயப்படாம சொல்லு. இந்த ஆளை உன் தலையில கட்டினது யாரு?”

“எங்க அப்பாதான் மேடம். பதினொரு வருஷம் ஆச்சு.”