கடைசி வரிசைக் கை

ஒன்பது வருடமாகச் சட்டமன்றத்தின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த இருசப்பன் ஒருநாளும் அங்கே வாய் திறந்ததில்லை. அமைச்சர்கள் பேசி நிறுத்தும்போது மேசையைத் தட்டுவார்; அதில் அவரை மிஞ்ச ஆளில்லை. அமைச்சர் மூச்சு வாங்க நிறுத்துகிறாரா, தட்டலுக்காக நிறுத்துகிறாரா என்பது அவர் உள்ளங்கைக்கே தெரியும். அவைக்குறிப்பில் அவர் ஆற்றிய தொண்டு முழுக்க அடைப்புக்குறிக்குள்தான் இருந்தது: (மேசையைத் தட்டும் ஒலி). சட்டைப் பையில் மட்டும், தன் தொகுதி ஆற்றுக்குப் பாலம் கேட்டு எழுதிய பேச்சு நாலாக மடித்துக் கிடந்தது. மேலிடம் கண்ணைக் காட்டட்டும் என்று காத்திருந்தார்.

அந்த ஆற்றில்தான் போன திங்கட்கிழமை பரிசல் கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன பெண்ணொருத்தி செத்துப்போனாள். மறுநாள் எதிர்க்கட்சிக்காரர் ஒருவர் எழுந்து, அங்கே பாலம் எப்போது வரும் என்று கேட்டார்.

"பத்து வீட்டுக்கு ஒரு பாலமா? உங்க ஆட்சியில கட்டியிருக்க வேண்டியதுதானே!" என்று சொல்லி நிறுத்தினார் அமைச்சர்.

இருசப்பனின் கை முந்திக்கொண்டது. அவர் தட்டிய பிறகுதான் மற்றவர்களே தட்டினார்கள்.

சனிக்கிழமை துக்கம் கேட்கப் போனார். பெண்ணின் அப்பா கோதண்டம் சத்தம் போடவில்லை. உள்ளே போய், மகள் உட்கார்ந்து படிக்கிற குட்டை மேசையைத் தூக்கிவந்து அவர் முன்னால் வைத்தார்.

"நீங்க தட்டினத டிவியில பார்த்தோம். இதுலயும் ஒரு தட்டு தட்டிட்டுப் போங்கய்யா."